‘தாத்தாகிட்ட சொல்லிடு’: குடும்ப ஆலோசனைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டரை மணிக்கு. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பார்: “கண்ணு, தாத்தாகிட்ட சொல்லு, தோசை ஆறுதுன்னு.” அந்தத் தாத்தா, அதாவது என் அப்பா, ஆறடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். என் மகள் போய்ச் சொல்வாள். “பசிக்கலைன்னு சொல்லு” என்பார். அவள் திரும்பி வந்து அதையும் சொல்வாள். அடுத்த நொடி ஒரு தட்டு ‘ணங்’கென்று மேடையில் விழும். அதுவும் ஒரு பதில்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும்.

இந்தத் தூது வேலையைப் பத்து வயதில் நான் பார்த்தேன். கல்யாணமான புதிதில் என் மனைவி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டாள். மகளுக்கு எட்டு வயதானபோது வேலை அவள் கைக்குப் போயிருந்தது. யாரும் கொடுக்கவில்லை, அது பாட்டுக்குப் போனது. ஏழாம் வகுப்பில் அவளுக்குக் காலை நேரத்தில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தோம், ஒன்றுமில்லை. குழந்தைகள் நல மருத்துவர் கடைசியில், “வீட்டுல சண்டை நடந்த மறுநாள் வருதா?” என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சீட்டில் ‘குடும்ப ஆலோசனை’ என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது, உள்ளே என்ன நடக்கும் என்று ஒன்றும் தெரியாமல் இரண்டு மாதத்தை வீணாக்கினோம். உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

முதலில், இது பஞ்சாயத்து இல்லை

குடும்பச் சண்டைக்கு நம் ஊர் மருந்து பஞ்சாயத்து. தாய்மாமா வருவார், இரண்டு பக்கமும் கேட்பார், “நீ கொஞ்சம் விட்டுக்கொடும்மா” என்று வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் பஸ் ஏறுவார். மகளிர் காவல் நிலையத்தில் பேசித் தீர்த்துவைப்பதும், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர் பேசுவதும் வேறு வகை. அங்கே ஒரு வழக்கு இருக்கிறது, ஒரு முடிவு தேவைப்படுகிறது.

பஞ்சாயத்தில் முதல் கேள்வி “யார் மேல தப்பு?” என்பது. குடும்ப ஆலோசனையில் அதைக் கேட்கவே மாட்டார்கள். “இவர் இப்படிச் செஞ்சதும் அவங்க என்ன செய்வாங்க? சரி, அதுக்கப்புறம்?” என்றுதான் கேட்டுக்கொண்டே போவார்கள். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா குத்திக் காட்டுவார், அப்பா வாயை மூடிக்கொள்வார், அவர் பேசாததால் அம்மா இன்னும் உரக்கக் குத்துவார், அதனால் அவர் இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்வார். அம்மாவைக் கேட்டால், “அவர் பேசாததாலதான் கத்துறேன்.” அப்பாவைக் கேட்டால், “அவ கத்துறதாலதான் பேசுறதில்ல.” இரண்டும் உண்மை. நாற்பது வருடமாக இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1950களில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் முரே போவன் என்ற மனநல மருத்துவர், நோயாளியோடு குடும்பத்தையும் மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தார். அவர் முக்கோணம் என்று ஒன்றைச் சொன்னார். இரண்டு பேருக்கு நடுவே சூடு ஏறும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், அப்போது கொஞ்சம் சூடு தணியும். அந்த மூன்றாவது ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தை. பிலடெல்பியாவில் வேலை பார்த்த சால்வடார் மினுச்சின், குழந்தைகளின் உடல் உபாதைகளை வீட்டு உறவுகளோடு சேர்த்து ஆராய்ந்தவர். நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் அதே 1950களில் வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குவது பல காலமாக உள்ள வழக்கம். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தில் குடும்ப மனநலத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது.

யாரைப் பார்ப்பது

‘கவுன்சிலர்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள். ஆகவே படிப்பைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் மூன்று வகை. ஒன்று, மனநல மருத்துவர். இரண்டு, மருத்துவ உளவியலாளர். இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் கேட்டால் சொல்வார். மூன்று, மனநல சமூகப் பணியாளர், அதாவது சமூகப் பணி முதுகலைக்கு மேல் இதற்கென்று எம்.ஃபில். முடித்தவர். இந்த மூன்றாவது ஆட்களைப் பற்றி வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. என் கணக்கில் குடும்ப விஷயத்துக்கு முதலில் தேட வேண்டியது இவர்களைத்தான்; குடும்பத்தோடு பேசுவதே அவர்கள் படிப்பில் பெரிய பகுதி. யாராக இருந்தாலும், “தனி ஆளை மட்டும்தான் பார்ப்பீங்களா, குடும்பமா உட்காரவெச்சுப் பார்த்த அனுபவம் உண்டா?” என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் உண்டு. அவர்களே பக்கத்தில் எங்கே போவது என்று சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் காசில்லாமல் பார்க்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அங்கெல்லாம் கூட்டம் அதிகம், ஒரு மணி நேரம் நிதானமாக உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது சிரமம், தனியாக நாள் குறித்துக் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் தனியாரிடம் போனோம். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய்.

முதலில் நாங்கள் பார்த்தவர் சரிப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரைமணி நேரத்தில் அம்மாவைப் பார்த்து, “பெரியவங்க நீங்க, அனுசரிச்சுப் போங்க” என்றார். பிறகு தன் மாமியார் கதையைச் சொன்னார். தாய்மாமாவே தேவலாம், அவர் காசு வாங்க மாட்டார். யாராவது முதல் நாளே ஒரு பக்கம் சாய்ந்தால், ஜாதகம் கேட்டால், தன் கதையைப் பேசினால், எழுந்து வந்துவிடுங்கள். ஒரு ஆள் சரியில்லை என்றால் இந்த முறையே சரியில்லை என்று அர்த்தமில்லை.

போகக் கூடாத சமயம்

இது முக்கியம். வீட்டில் அடி உதை இருந்தால், ஒருவருக்கு இன்னொருவரைக் கண்டாலே பயம் என்றால், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது ஆபத்து. உள்ளே பேசிய உண்மைக்கு வீட்டுக்கு வந்ததும் அடி விழும். அப்படிப்பட்ட வீட்டில் பாதுகாப்புதான் முதலில்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567, உடனடி ஆபத்து என்றால் 112. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடியை மட்டுமல்ல, சொல்லால் வதைப்பதையும் காசு தராமல் முடக்குவதையும் சேர்த்தே சொல்கிறது. குடிநோய் முற்றியிருந்தாலோ, ஒருவர் தீவிர மனநோயின் உச்சத்தில் இருந்தாலோ, முதலில் அதற்கான சிகிச்சை, குடும்பப் பேச்சு அப்புறம்.

எல்லோரையும் எப்படிக் கிளப்புவது

என்னைக் கேட்டால் இதுதான் கஷ்டமான படி. “உங்களுக்குத்தான் பிரச்சினை, வாங்க டாக்டர்கிட்ட” என்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். அப்பாவிடம் அப்படித்தான் முதலில் சொன்னேன். “எனக்கென்ன பைத்தியமா?” என்றார், அத்தோடு ஒரு மாதம் போயிற்று. பிறகு மனைவி போய், “மாமா, இவளுக்கு வயித்துவலி எதனாலன்னு கண்டுபிடிக்கணும். அவளைத் தினம் பார்க்கிறவங்க எல்லாரும் வந்தா உதவியா இருக்கும்னு சொல்றாங்க. நீங்கதான் அவகூட அதிக நேரம் இருக்கீங்க” என்றாள். அதில் ஒரு பொய்யும் இல்லை, கவனியுங்கள். பேத்திக்காக என்றதும் சட்டையை மாட்டினார். ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள். ‘பிபி செக்கப்’ என்று சொல்லி அழைத்துப்போய் அங்கே உட்காரவைத்தால் அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள்.

ஒருவர் கடைசிவரை வர மறுத்தால்? வருகிறவர்களை வைத்து ஆரம்பித்துவிடுங்கள். சுற்றில் ஒருவர் நடப்பதை மாற்றிக்கொண்டால் மற்றவர்கள் பழையபடியே நடப்பது கஷ்டம்.

‘நாலு பேருக்குத் தெரிந்தால்’ என்ற பயமும் இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் இதற்காகவே அடுத்த ஊரில் பார்க்கிறார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொன்னது வெளியே போகாது என்பதற்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு: உயிருக்கு ஆபத்து என்றால் அவர்கள் சொல்லலாம், குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும். இன்னொன்றையும் முதல் நாளே கேட்டு வையுங்கள்: “எங்கள்ல ஒருத்தர் உங்ககிட்ட தனியா ஒரு ரகசியம் சொன்னா, மத்தவங்ககிட்ட சொல்வீங்களா?” ஒவ்வொருவரும் இதற்கு ஒரு முறை வைத்திருப்பார்கள். தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

முதல் நாள்

ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம், குறிப்பாக மனதுக்குள் எழுதிய குற்றப்பத்திரிகையை. என்னிடம் ஒன்று இருந்தது, வரிசை எண்களோடு. அதைத் திறக்கவே இடம் கிடைக்கவில்லை.

அறையில் ஆறு நாற்காலி. அடுத்து நாங்கள் போன ஆலோசகர் ஒரு அம்மா. எங்கே உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு ஓரம், அம்மா மறு ஓரம், நடுவில் என் மகள். நானும் மனைவியும் வாசல் பக்கம். ஐந்து நிமிடம் கழித்து மகளிடம், “நீ உங்கம்மா பக்கத்துல வந்து உட்கார்றியா? அந்த இடம் காலியாவே இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே.

பிறகு ஒரு பெரிய தாளில் குடும்ப வரைபடம் போட்டார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர்கள்மேல் பெருக்கல் குறி. ரொம்ப நெருக்கம் என்றால் இரட்டைக் கோடு, விலகல் என்றால் புள்ளிக் கோடு, சண்டை என்றால் ரம்பப் பல் மாதிரி வளைந்த கோடு. மூன்று தலைமுறை வரைந்தபோது, என் அப்பாவும் அவருடைய அம்மா அப்பாவுக்கு நடுவில் தூது போனவர் என்று தெரிந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா தாளைப் பார்த்துக்கொண்டே, “அது ஒரு காலம்” என்றார்.

கேள்விகளும் விசித்திரமாக இருக்கும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பார்கள். “பாட்டி கோபமா இருக்காங்கன்னு வீட்டுல முதல்ல யாருக்குத் தெரியும்?” என்று மகளிடம் கேட்டார். “எனக்கு.” “தாத்தாவும் பாட்டியும் பேசாம இருந்தா உங்கப்பா என்ன செய்வார்?” “மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துவார். மழை பெஞ்சாலும் ஊத்துவார்.” எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஒரு எச்சரிக்கை: திரும்பி வரும் வழியில் இதைப் பற்றிப் பேசாதீர்கள். ஆட்டோவில் ஏறியதும் அப்பா, “அந்தம்மாகிட்ட அதை எதுக்குச் சொன்ன?” என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்தில் கட்டியது ஐந்து நிமிடத்தில் சரிந்தது. அடுத்த தடவையிலிருந்து ஒரு ஒப்பந்தம்: மறுநாள் காலைவரை அந்தப் பேச்சு கிடையாது, வழியில் காபி மட்டும்.

சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி

மூன்றாவது தடவை நடந்தது இது. வீட்டிலேயே செய்யலாம், ஆனால் முதலில் ஒரு மூன்றாம் ஆள் முன்னால் பழகுவது நல்லது. விதி சுலபம். ஒருவர் ஒரே ஒரு விஷயத்தை இரண்டு வாக்கியத்துக்குள் சொல்ல வேண்டும். கேட்டவர் பதில் சொல்லும் முன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘ஆமாம்’ என்ற பிறகுதான் பதில்.

அம்மா சொன்னார்: “வெளியில போறப்போ சொல்லிட்டுப் போறதில்ல. நான் கதவைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கேன்.”

“நான் ஊர் சுத்துறேன்னு சொல்றா” என்றார் அப்பா.

“அவங்க அப்படிச் சொல்லலையே சார். இன்னொரு தடவை.”

“நான் அவகிட்ட அனுமதி வாங்கணுமாம்.”

“அதுவும் இல்லை சார்.” அம்மாவை மறுபடி சொல்லச் சொன்னார்.

மூன்றாவது தடவை அப்பா ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, “நான் சொல்லாமப் போனா அவ கதவைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா” என்றார். அம்மா ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று முயற்சி. நாற்பது வருடமாக அப்பா காதில் விழுந்தது அம்மா சொன்னதே இல்லை.

இதோடு வீட்டில் கவனிக்க வேண்டிய இரண்டு: ‘எப்பவும்’, ‘ஒரு நாளாவது’ என்று தொடங்கும் வாக்கியங்களை விட்டுவிட்டு, ஒரு நாளை, ஒரு சம்பவத்தை மட்டும் சொல்வது. அடுத்தது, சூடு ஏறினால் நிறுத்துவது. தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் பல வருடம் கூர்ந்து கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் உறவைக் கெடுப்பவை என்று நான்கைச் சொல்வார்: ஆளையே குறை சொல்வது, ஏளனம், பழியைத் திருப்பிவிடுவது, கல்லாகிப்போவது. இதில் ஏளனம்தான் படுமோசம் என்பார். இதயம் படபடக்கும்போது காது கேட்காது, குறைந்தது இருபது நிமிடம் இடைவெளி விடச் சொல்வார். ஆனால் “இருபது நிமிஷம் கழிச்சுப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் மாடிக்குப் போனால் அது இடைவெளி இல்லை, என்னை மாதிரி செடிக்குத் தண்ணி ஊற்றுவது.

வீட்டுப்பாடம், சறுக்கல்

பேசிவிட்டு வருவதோடு முடியாது, வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுத்தது ஒரே வரி: மகள் இனி எந்தச் சேதியையும் எடுத்துப் போகக் கூடாது. யாராவது சொன்னால், “நீங்களே சொல்லுங்க” என்று சொல்ல வேண்டும். அதை அவள் தைரியமாகச் சொல்லும்படி பார்த்துக்கொள்வது என் வேலை, என் மனைவியின் வேலை.

முதல் வாரம் வீடு முன்னைவிட மோசமானது. தூது நின்றதும் பேச்சே நின்றது. தட்டுச் சத்தம் மட்டும் கூடியது. அம்மா என்னைத் தூதனாக்கப் பார்த்தார், நானும் பழக்க தோஷத்தில் இரண்டு தடவை போய்விட்டேன். பணம் கட்டிக் கெடுத்துக்கொண்டோமோ என்று தோன்றியது. கேட்டதற்கு, இப்படித்தான் ஆகும் என்றார் அந்த அம்மா. பழைய வழி அடைபட்டிருக்கிறது, புதிய வழி இன்னும் திறக்கவில்லை. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்களாம். நான்காவது தடவைவரையாவது போய்ப் பாருங்கள்.

எத்தனை தடவை என்பது வீட்டைப் பொறுத்தது. நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீதம் ஒன்பது தடவை போனோம். சண்டை இன்னும் வருகிறது. அது நின்றுவிட்டதா என்று பார்க்காதீர்கள், சண்டைக்குப் பிறகு எத்தனை நாளில் பேச்சு திரும்புகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று வாரமாக இருந்தது இரண்டு நாளாகியிருக்கிறது. மகளுக்கு வயிற்றுவலி பரீட்சைக்கு முன்னால் எட்டிப் பார்க்கிறது, மற்றபடி இல்லை.

ஆறாவது தடவைக்குப் போகும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டரை மணி. அம்மா அடுப்படியிலிருந்து யார் பெயரும் சொல்லாமல், “தோசை ஆறுது” என்றார். மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

“எனக்கா?”

“வேற யாருக்கு?”